வீடியோ கொட்டகையில் பார்த்த ஓவியக் கண்காட்சி

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பர்மியப் பள்ளியில் நாலாவதோடு நின்றவன் நான். தமிழ் எழுத்து, கோயில் வகுப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றது. சின்ன ர, பெரிய ற இரண்டும் எனக்கு இன்றும் தகராறுதான். பிழைகளை அச்சுக்குப் போகுமுன் யாராவது திருத்திவிடுங்கள். அந்தக் காலத்துச் சினிமாப் படங்களைப் பற்றிக் கோயில் மலருக்கு எழுதித் தரும்படி கமிட்டிக்காரர் பலமுறை கேட்டுவிட்டார். மேடையில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு எழாது. எழுதுவது என்றால் பரவாயில்லை.

எண்பதுகளில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் தெருக்கோடியில் ஒரு வீடியோ கொட்டகை இருந்தது. கொட்டகை என்றால் ஒரு வீட்டின் முன்னறைதான். ஜன்னலுக்குக் கோணி கட்டி, தரையில் பாய் விரித்திருப்பார்கள். கப்பல்காரர்கள் கொண்டுவரும் காசெட்டுகள் அங்கே ஓடும்.

அந்தப் படங்களில் ஓவியன் வந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். தமிழ்ப் படமானால் தாடி, ஜிப்பா, தோளில் ஜோல்னாப் பை. பஸ் ஸ்டாப்பில் ஒரு தடவை பார்த்த பெண்ணின் முகத்தை மறக்காமல் வரைவான். கடைசியில் இருமுவான். இங்கிலீஷ் படமானால் பெரிய நகரத்தில் பழைய கிடங்கு ஒன்றில் தனியாக இருப்பான். பெயின்ட்டை வாளியோடு சுவரில் வீசுவான். பிறகு ஒரு வெள்ளை மண்டபத்தில் அவன் படங்களை மாட்டுவார்கள். கோட்டுப் போட்டவர்கள் கையில் கண்ணாடிக் கிளாசோடு நிற்பார்கள். படத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார்கள்.

இங்கிலீஷ் படங்களுக்குக் கதை சொல்ல ஓர் அண்ணன் இருந்தார். அலோன் துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர். சில காலம் கப்பலில் போனவர் என்பதால் அவருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று எல்லோரும் நம்பினோம். டிவிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பாதி தமிழிலும் பாதி பர்மியிலும் கதை சொல்வார். அதற்காக அவருக்கு டிக்கெட் கிடையாது, டீயும் உண்டு.

அப்படி ஒரு படத்தில், வெள்ளை மண்டபத்தில் ஒரு பெண் நடந்து நடந்து சில ஓவியங்களின் ஓரத்தில் சின்னச் சிவப்பு வட்டங்களை ஒட்டிக்கொண்டு போனாள்.

"அது என்னண்ணே சிவப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கழிச்ச சரக்குடா. நம்ம துறைமுகத்துல கிழிஞ்ச மூட்டைக்குச் சிவப்பு பூசித் தள்ளி வைக்கிறான்ல, அதான். இந்தப் படமெல்லாம் ஆகாது, திருப்பி எடுத்துட்டுப் போன்னு சொல்றா."

"அப்ப அந்தம்மா ஏன் சிரிக்குது?"

"சிரிக்கிறது அவ டூட்டி. நீ ஓவியன் மூஞ்சியப் பாரு."

ஓவியன் மூஞ்சி உண்மையிலேயே தொங்கித்தான் இருந்தது. அடுத்த காட்சியில் குடித்துவிட்டு அழுதான். அண்ணன் சொன்னதில் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

இது நடந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் தாமுவே பேட்டையில், சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா வண்டிகளுக்கும் நாற்காலிகளுக்கும் சீட் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். என் மனைவி பர்மியப் பெண். எங்களுக்கு ஒரே மகள். அவள் படம் வரைகிறவள். இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. என் கடையில் மீதமாகும் ரெக்சின் துண்டுகளின் பின்புறத்தில் ஆரம்பித்தாள்.

போன மழைக்காலம் முடிந்ததும் ஏழெட்டு இளம்பிள்ளைகள் சேர்ந்து நகரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் கண்காட்சி வைத்தார்கள். அவள் சிநேகிதப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஏற்கெனவே வெளிநாடு போய்விட்டார்கள். என் மனைவியின் தங்கை தாய்லாந்தில் தையல் ஆலையில் இருக்கிறாள். அவள் அங்கே ஆலை வேலைக்குப் போகிற வேனில் மகளுக்கு ஓர் இடம் பிடித்து வைத்து, கண்காட்சி தொடங்கும் நாள் இரவுக்குள் பதில் கேட்டிருந்தாள்.

"ஒரு படமாவது வித்தா இருக்கேன் அப்பா," என்றாள் மகள். "இல்லேன்னா போறேன். இனிமே இதுல மல்லுக்கட்ட முடியாது."

தொடங்கிய அன்று சாயங்காலம் கடையை அடைத்துவிட்டுப் போனேன். வாசலில் செருப்பை விட்டு உள்ளே நுழைந்தால், வீடியோவில் பார்த்ததுபோலவே வெள்ளைச் சுவர். கோட்டு மட்டும் இல்லை. லுங்கிதான், சட்டைதான். மகள் ஐஸ் வாங்கக் கீழே போயிருப்பதாகச் சொன்னார்கள். யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்காத மூலையாகப் பார்த்து நின்றேன்.

அங்கேதான் அவள் வரைந்த என் கடை மாட்டியிருந்தது. கிழிந்த சீட்டுகள் குவிந்து கிடக்கின்றன, மேலே ஒரு பல்பு, ஆள் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சிவப்பு வட்டம் ஒட்டியிருந்தது. அந்தச் சுவரில் வேறு எதிலும் இல்லை.

முதல் நாளே என் மகள் படத்தைக் கழித்துவிட்டார்கள். அவள் மேலே வந்ததும் அத்தனை பேர் நடுவில் இதைப் பார்க்க வேண்டுமா? யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. எல்லோரும் திரும்பியிருந்த நேரத்தில் நகத்தால் சுரண்டி எடுத்து ஜன்னல் வழியாக வெளியே போட்டுவிட்டேன்.

மகள் ஐஸ் வாளியோடு வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். தன் படங்கள் ஒவ்வொன்றின் ஓரத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தாள். பிறகு வாளியை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் கண்காட்சி நடத்தும் பர்மிய அம்மாள், ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு என் மூலைக்கு வந்தார். "ஊலே, பெரியவரே, இங்க ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கரப் பாத்தீங்களா? இந்தப் படம் வித்தாச்சு. இவருதான் வாங்கியிருக்காரு. உங்க பொண்ணுகிட்டச் சொல்லணும்னு தேடுறேன்."

நான் படிக்கட்டுக்கு ஓடினேன்.

அவள் தெருவோரம் நின்று போனைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். "சின்னம்மாகிட்டச் சொல்லிட்டேன் அப்பா. வரேன்னு."

நடந்ததைச் சொன்னேன். துறைமுகத்து அண்ணன், கிழிந்த மூட்டை, எல்லாம் சொன்னேன். அவளிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. அவள் நடைபாதையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"இப்பவே கூப்பிட்டு வேணாம்னு சொல்லிரு," என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வரேன்னு சொன்னதும் மனசு லேசாயிருச்சு அப்பா. அது எனக்கே ஆச்சரியமா இருக்கு. நீங்க பிய்க்கலேன்னா, அந்த ஒரு வட்டத்த நம்பி இன்னொரு வருஷம் உக்காந்திருப்பேன்."

"உக்காரேன்மா."

"உக்காந்து உக்காந்து அலுத்துப்போச்சுப்பா."

என் வயதுக்காரன் சொல்ல வேண்டிய வார்த்தையை அவள் சொன்னாள். மேலே போய் வாங்கியவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தாள். இருவரும் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். அடுத்த வாரம் போய்விட்டாள்.

அந்தச் சினிமாப் படங்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். இப்போது யோசித்தால் ஒன்றுதான் தோன்றுகிறது. அந்த ஓவியர்கள் யாரும் வேறு வேலைக்குப் போனதில்லை. செத்தார்கள், இல்லாவிட்டால் பேர் வாங்கினார்கள். அலுத்துப்போய் வேனில் ஏறியவனை எந்தக் காசெட்டிலும் நான் பார்க்கவில்லை.

ஞாயிறுதோறும் போன் செய்கிறாள். சாப்பிட்டீர்களா, கரண்ட் இருக்கிறதா என்று கேட்பாள். வரைகிறாயா என்று நான் கேட்பதில்லை. போன வாரம் அவளாகவே, ஆலையில் பக்கத்து மெஷின்காரிகளின் கைகள் மட்டும் வரையலாம்போல் இருக்கிறது என்றாள். சரிம்மா என்றேன். அதற்குள் லைன் போய்விட்டது.

தை மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.