வடக்கே போகிறவர்களின் வரிசை

ஈராக்கில் சண்டை தொடங்கிய வருடம் நான் குவைத்தில், அமெரிக்கப் பட்டாளத்தின் பாலைவன கேம்ப் ஒன்றில் சமையல் டூட்டி பார்த்தேன். குவைத் நகரத்தை ஒட்டிய ஃபர்வானியாவில் ரூம். பஸ்ஸில் அழைத்துப் போய்க் கொண்டுவந்து விடுவார்கள். சோறு ஆக்கிப் போடுகிறவனுக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்தேன்.

அந்த வாரம் சூப்பர்வைசர் வந்து, வடக்கே, எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கேம்ப்புக்கு எங்களில் ஓர் ஆள் வேண்டும் என்றார். யாரும் முன்வராவிட்டால் அவரே ஒரு பெயரை எழுதிவிடுவாராம். அதன் பிறகு அவர் தலையைக் கண்டாலே ஆளாளுக்கு வெங்காய மூட்டைக்குப் பின்னால் வேலை வந்துவிடும். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கே இழுத்துக்கொண்டு போக வேண்டிய நான் ஐந்து வேளையும் தொழ ஆரம்பித்தேன். அவ்வளவு பயம்.

என் ரூமில் இருந்தவன், கூடவே சமையலில் நின்றவன், சிவகங்கைப் பக்கத்துக்காரன். வந்து இரண்டு மாதம்தான். மகள் பிறந்த செய்தியைப் போனில் கேட்டவன், முகத்தை இன்னும் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு பிஷப் இரண்டு பாதிரியார்களோடு சிப்பாய்களைப் பார்க்க வந்தார். அங்கிக்கு மேல் குண்டு துளைக்காத சட்டை. சாப்பாட்டுக் கூடாரத்துக்கு வெளியே சிப்பாய்கள் வரிசையாக நிற்க, ஒவ்வொருவர் நெற்றியிலும் எண்ணெய் தொட்டு வைத்தார். மீசை அரும்பாத பையன்கள். ஒருவன் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான்.

எங்கள் ஊர்ப் பக்கம் தர்காவில் மந்திரித்துக்கொள்ள இந்துக்கள்தான் அதிகம் நிற்பார்கள். மாதா கோவில் எண்ணெயை எல்லா வீட்டிலும் பூசுவார்கள். புனிதமாக எதையாவது கொடுத்தால் நின்று வாங்கிக்கொள்வோம், யாருக்கான வரிசை என்று கேட்கிற பழக்கமே கிடையாது.

"மாப்ள, நீயும் போய் வாங்கிட்டு வா. உன் பேரு லிஸ்ட்ல வராது" என்றேன்.

"நம்மளுக்கெல்லாம் வைப்பாங்களா பாய்?"

"சாமி என்ன, பாஸ்போர்ட்டா கேக்கப் போகுது?"

அவன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கொதிக்கிற மணலில் வெறுங்காலோடு போய் நின்றான். நான் சிரித்தேன். பிஷப் அவன் காலைப் பார்த்தார், தலையில் கையைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தார்.

கூடார வாசலில் சூப்பர்வைசர் நின்றிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அவன் திரும்பி வந்ததும் தோளில் தட்டி இந்தியில் சொன்னார்: "அது நாளைக்கு வடக்கே போறவங்க லைன். நீயாவே போய் நின்னுட்டே. அச்சா, கலாஸ், உன் பேரையே எழுதிடறேன்."

அவனுக்கு இந்தி வராது. ஏதோ பாராட்டுகிறார் என்று தலையாட்டினான். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. நான்தான் அனுப்பினேன், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியானால் நீ போ என்பார். கழுவி வைத்த கரண்டியை எடுத்து மறுபடியும் கழுவினேன். கோழை.

அவர் போன பிறகு விஷயத்தைத் தமிழில் சொன்னேன். அவன் நெற்றி எண்ணெய் வியர்வையோடு மூக்கில் வழிந்தது. அவன் துடைக்கவில்லை.

"சரி விடுங்க பாய். நீங்க பயப்படாதீங்க. உங்க பேரும் வரக்கூடாதுன்னு சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன்."

மறுநாள் லாரிகள் கிளம்பின. அவனை நான் அதன் பிறகு பார்க்கவில்லை. அவன் வேண்டுதல் பலித்தது. நான் அங்கே இருந்த வரைக்கும் என் பெயர் வரவே இல்லை.