புகழேந்தியின் சாவி

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. செங்கம் ரோட்டுப் புளியமரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்லிப் பயமுறுத்துவார்கள். இத்தனை வருஷ டாக்ஸி பிழைப்பில் அந்த மரங்களின் அடியிலெல்லாம் வண்டியை நிறுத்திக் குறட்டை விட்டிருக்கிறேன். போலீஸைத் தவிர எதுவும் வந்து என்னை எழுப்பியதில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் மணிமொழியின் வண்டியில் ஏறினால் நான் இப்போது முன் சீட்டில் உட்காருவதில்லை. ஏன் என்று கேட்டால் சட்டென்று பதில் வர மாட்டேன் என்கிறது. அவளைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

எங்கள் ஸ்டாண்டில் ஒரே பெண் டிரைவர் அவள்தான். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிற வீட்டில் பிறந்தவள். புகழேந்திக்கு வாக்கப்பட்டு திருவண்ணாமலைக்கு வந்தாள். புகழேந்தி எங்கள் ஸ்டாண்டில் வெள்ளை கார் ஓட்டினவன். கலகலப்பான ஆள், கோபமே வராது. அடி அண்ணாமலைப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத ரோடாகப் பார்த்து அவளுக்கு வண்டி கற்றுக்கொடுத்தான். அவள் ஸ்டியரிங்கைப் பிடிக்க, இவன் இடது பக்கம் உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கின் மேல் கையை வைத்தபடியே இருப்பானாம். நன்றாகக் கற்றுக்கொண்ட பிறகு சொந்தக்காரர் கல்யாணம் காதுகுத்து என்றால் அவள்தான் ஓட்டுவாள். இவன் இடது சீட்டில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவான். "ராஜா வாழ்க்கைடா உனக்கு" என்று நாங்கள் கிண்டல் பண்ணுவோம்.

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வண்டிக்குச் சாமந்தி மாலை சாத்துவான். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பரோடு சேர்த்துப் பரப்பி வைப்பான். காய்ந்தாலும் எடுக்க மாட்டான். சாமிக்குப் போட்டதைப் பிடுங்கிப் போடக் கூடாது, தானாக உதிரட்டும் என்பான்.

போன சித்திரா பௌர்ணமி அன்று கூட்டத்துக்காக ஊருக்குள் வண்டி விடவில்லை. சும்மா இருப்பானேன் என்று அவனே கிரிவலம் கிளம்பினான். அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அத்தனை ஜனத்தில் யார் தூக்கினார்கள், யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் போனையும் பர்ஸையும் துண்டையும் மணிமொழி கையில் கொடுத்தார்கள். சட்டைப் பையில் இருந்த கார் சாவி மட்டும் இல்லை. மறுநாள் நானும் அவளும் அந்த ரோட்டில் குனிந்தபடியே தேடிப் பார்த்தோம். தண்ணீர் பாக்கெட்டும் கற்பூரக் கரியும்தான் கிடந்தன.

காரியமெல்லாம் முடிந்ததும் பீரோவில் இருந்த இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்து நின்றாள். வரிசையில் அவன் இடத்தை அவளுக்கு விட்டோம்.

ஐப்பசி மழை பிடித்தபோதுதான் அது ஆரம்பித்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். எதிரே பூட்டி நிறுத்தியிருந்த அவள் வண்டி 'டக்' என்று திறந்துகொண்டது. இண்டிகேட்டர் இரண்டு தடவை மின்னியது. உள்ளே விளக்கு எரிந்தது. அவள் சாவியோ டீ கிளாஸ் பக்கத்தில் பெஞ்சில் கிடக்கிறது.

"சாவி இங்க இருக்குது, யாருமா தொறந்தது?" என்றேன்.

அவள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொண்ணு அவருகிட்ட இருக்குதுல்லண்ணா" என்றாள்.

பயத்தை மறைக்க அவளைத்தான் திட்டினேன். "பேட்டரி வீக்கா இருக்கும். படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?"

அதன் பிறகு அடிக்கடி திறந்தது. மழை நாளில் ஜாஸ்தி, வெயில் நாளில் கம்மி. அவளுக்கு அது பழகிவிட்டது. பழகியதோடு நில்லாமல் பிடித்தும் போனது. தனியாக வருகிற சவாரியைப் பின் சீட்டில் உட்காரச் சொல்லுவாள். இடது சீட்டில் கைப்பையைக்கூட வைக்க மாட்டாள். வண்டி திறந்துகொண்டால் முகம் தெளிந்துவிடும். பௌர்ணமி வந்தால் அவன் போட்டதைவிட இரண்டு மடங்கு சாமந்தி வாங்கிப் போட்டாள். ஸ்டாண்டில் ஒருத்தன் மந்திரிக்கிற ஆள் ஒருவரைத் தெரியும் என்றான். "அவரை எதுக்குத் துரத்தணும்?" என்று சண்டைக்குப் போனாள். புருஷன் செத்த பொம்பளை சிரித்துக்கொண்டிருப்பது நல்லதுதானே என்று எல்லோரும் சும்மா இருந்தார்கள். எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை.

ஒரு நாள் பெங்களூரிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை. செங்கம் தாண்டியதும் நல்ல மழை, பொழுது வேறு சாய்ந்துவிட்டது. திடீரென்று ஹெட்லைட் அணைந்தது. வைப்பர் பாதியில் நின்றது. கதவெல்லாம் தானே பூட்டிக்கொண்டன, ஜன்னலும் இறங்கவில்லை. முன்னால் பின்விளக்கே இல்லாத கரும்பு டிராக்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஒரு குத்துமதிப்பில் பிரேக்கை மிதித்து மண்ணில் இறக்கி நிறுத்தியிருக்கிறாள். உள்ளே குழந்தை வீறிட்டு அலற, லாக்கைக் கையால் இழுத்து இழுத்துத்தான் கதவைத் திறந்திருக்கிறார்கள்.

போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது அந்தக் குடும்பம் வேறு வண்டியில் ஏறிப் போயிருந்தது. அவள் மழையில் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அவரு இப்படிப் பண்ண மாட்டாருண்ணா. உள்ள குழந்தை இருந்துச்சுண்ணா" என்றாள்.

"அதத்தான நானும் சொல்றேன். அவரும் இல்ல, இவரும் இல்ல. வண்டி ரிப்பேரு."

அதைக் கேட்டதும் அழுதுவிட்டாள். புகழேந்தி இறந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

அவலூர்பேட்டை ரோட்டில் ஷோயப் கடை வைத்திருக்கிறார். கார் கரண்ட் வேலைக்கு நாங்கள் எல்லோரும் அவரிடம்தான் போவோம். மிஷினை மாட்டிப் பார்த்தவர், "பி.சி.எம். போயிடுச்சு அக்கா" என்றார். லைட்டு, வைப்பர், கதவு லாக்கு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுகிற பெட்டி அது. டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுக் கழற்றி வெளியே எடுத்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. ஓரமெல்லாம் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது.

"தண்ணி எறங்கியிருக்குது. எங்கிருந்துன்னு பாக்கணும்" என்று முன் கண்ணாடிக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். மழைத் தண்ணீர் வடிகிற ஓட்டை அடைத்துக் கிடந்தது. விரலை விட்டு நோண்டினார். முதலில் மஞ்சளாகச் சாமந்தி இதழ்கள் வந்தன. அதற்கு அடியில் அழுகினது, அதற்கும் அடியில் டீத்தூள் சக்கை மாதிரி கறுப்பாக.

"யாரு இவ்ளோ பூவை இங்க போட்டது? தண்ணி போக வழியில்லாம உள்ள எறங்கி பெட்டியக் கெடுத்திருக்குது" என்றார் ஷோயப்.

மணிமொழி கையை நீட்டினாள். அவர் அந்தக் கறுப்புச் சக்கையை அவள் கையில் வைத்தார். அதை முகர்ந்து பார்த்தாள்.

"மேல இருக்கறது நான் போட்டது பாய். அடியில இருக்கறது அவரு போட்டது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்போ கதவைத் தொறந்தது அவருதானண்ணா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எந்தப் பக்கமாக யோசித்தாலும் அவள் சொன்னதில்தான் வந்து முட்டிக்கொண்டேன்.

புதுப் பெட்டி சென்னையிலிருந்து வந்தது. ஷோயப் அதை மாட்டிவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இடது பக்கக் கதவைத் திறந்தார். "பாய், அங்க உக்காராதீங்க" என்றாள் மணிமொழி. அவர் ஏன் என்று கேட்காமல் சுற்றி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

"சாவியெல்லாம் குடுங்க அக்கா. புதுப் பெட்டிக்குப் பழக்கணும்."

அவள் ஒன்றைக் கொடுத்தாள்.

"இன்னொண்ணு?"

"தொலைஞ்சிடுச்சு."

"பரவால்ல. இன்னிக்குக் காட்டற சாவிதான் இதுக்குச் சாவி. அது எவன் கையில கெடச்சாலும் இனிமே தொறக்காது, நீங்க பயப்படவேணாம்."

நல்லதாகத்தான் சொன்னார். அவளோ கொடுத்த சாவியைச் சட்டென்று திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். "அவரு... அந்தச் சாவிய அமுக்கினா?"

"வண்டிக்கு அது யாருன்னே தெரியாது அக்கா."

"பழைய பெட்டியவே சரி பண்ணிக் குடுங்க பாய். எவ்ளோ நாளானாலும் பரவால்ல."

"உள்ள பலகையே அரிச்சுப் போச்சு. ஒப்பேத்திக் குடுத்தா திரும்பவும் ரோட்டுல லைட்டு போவும். நான் செய்ய மாட்டேன்" என்றார். குரலில் கடுமை இல்லை.

அவள் சுற்றிப் போய் இடது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தச் சாவியைத் தேடின அன்று இன்னும் கொஞ்ச தூரம் நடந்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது.

திரும்பி வந்து சாவியைக் கொடுத்தாள். "அந்தக் குழந்தை இன்னும் என் காதுல அழுவுது பாய். போடுங்க."

டேஷ்போர்டில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்தது. அவ்வளவுதான் வேலை. கதவு சொன்னபடி திறந்தது, சொன்னபடி பூட்டியது. பழைய பெட்டியை அவள் துப்பட்டாவில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் மழை பெய்தது. டீக்கடையிலிருந்து நாங்கள் அந்த வண்டியைப் பார்ப்போம், பார்க்காத மாதிரியும் இருப்போம். அது பூட்டினது பூட்டினபடியே நிற்கும். அவள் டீயை ஆற வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வேலை ஒழுங்காக நடந்ததற்காக நான் வருத்தப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

போன வாரம் என் வண்டி சர்வீஸுக்குப் போயிருந்தது. வீட்டில் விடுகிறேன் என்று மணிமொழி சொன்னாள். டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே சாவியை எடுத்து வண்டிப் பக்கம் நீட்டி அமுக்கினாள். இண்டிகேட்டர் இரண்டு தடவை மின்னியது, உள்ளே விளக்கு எரிந்தது. கிளம்பப் போகிறாள் என்று நான் எழுந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. ஒரு ஆள் கதவைத் திறந்து, ஏறி, துண்டை உதறித் தோளில் போட்டு உட்காருகிற நேரம் காத்திருந்தாள். பிறகு பூட்டினாள்.

"எதுக்குமா இது?" என்றேன்.

"அவருகிட்டதான் இனிமே சாவி இல்லியேண்ணா. நான்தான தொறந்து விடணும்."

டீக்குக் காசு கொடுத்துவிட்டு இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டினோம். நான் பழக்க தோஷத்தில் முன் கதவில் கையை வைத்தேன். கண்ணாடி வழியாக அந்தக் காலி சீட்டைப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டுப் பின்னால் போய் ஏறிக்கொண்டேன்.