மாமாவின் பெயர் மேல் விழுந்த சத்தம்

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். அதனால் ரேடியோ சொல்வதையெல்லாம் பெரியவர்களுக்கு விளக்குவது என் வேலையாயிற்று. அதில் எனக்குக் கர்வம் உண்டு, இன்றும் குறையவில்லை.

எழுபதுகளில் ஒரு வருடம், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு ரேடியோக்காரர்கள் வந்து தீபாவளி வாழ்த்துகளைப் பதிவு செய்தார்கள். தாத்தா இறந்த வருடம் அது. எங்களுக்குத் தீபாவளி இல்லை. ஆனாலும் அம்மா வரிசையில் நின்றார். தன் தம்பியை, என் மாமாவை, பெயர் சொல்லி அழைத்து, "அப்பா போயிட்டாருப்பா, எங்க இருந்தாலும் செய்ய வேண்டியத செஞ்சிரு" என்றார். மாமா, அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட் ஆட்களோடு சேர்ந்துவிட்டவர். தாத்தா இறந்ததை அவருக்குத் தெரிவிக்க அம்மாவுக்கு வேறு வழி இல்லை.

தீபாவளியன்று, தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாய் நிற்கும் எங்கள் லயமே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அம்மாவின் குரல் வந்தது. மாமாவின் பெயர் வரவேண்டிய இடத்தில் மெல்லிய, நீண்ட 'கீ' சத்தம் மட்டும் கேட்டது.

"என்னாலா இது, ரேடியோ கெட்டுப்போச்சா?" என்றார் பக்கத்து வீட்டு அத்தை.

ஈப்போவில் சித்தி வீட்டு டிவியில் நான் அதைக் கேட்டிருந்தேன். "கெட்ட வார்த்தை வந்தா இப்படித்தான் மறைப்பாங்க" என்றேன்.

"அடப்பாவமே. தம்பிய அப்படியா ஏசுனீங்க, அண்ணி?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "பேருதானே சொன்னேன்" என்றார். அப்பா ரேடியோவை அணைத்தார். "இனிமே அந்தப் பேரே இங்க வேணாம்."

மறுநாள் பொழுது சாயும்போது, ரப்பர் மரங்களுக்கு அப்பாலிருந்து அதே சத்தம் வந்தது. பூச்சி என்றார் அப்பா. பூச்சி இடையில் நிறுத்தி மூச்சு வாங்காது. இது வாங்கியது. லயத்தில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அம்மா மட்டும் இலையில் சோறு மடித்து எடுத்துக்கொண்டு காட்டோரம் போய், வெறுங்கையோடு திரும்பினார்.

விடிந்ததும் அம்மாவின் பின்னாலேயே போனேன். சோறு இல்லை. கழுவித் துடைத்த இலையில், காற்றில் பறக்காதபடி ஒரு கல்லின் கீழ், கொத்தாகத் தலைமுடி இருந்தது. செய்வினை என்று நினைத்தேன்.

"தொடாதம்மா" என்று கத்தினேன்.

அம்மா அதை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார். வீடு வரும்வரை அவர் முகத்தில் இருந்தது பயமில்லை. தகப்பன் இறந்தால் மகன் மொட்டையடிக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.