ஷரீப் பாய்க்காக நசீமா செய்த மெனு

மருந்து கொடுக்கும் ஜன்னலைத் திறந்து முதல் சீட்டைக் கையில் வாங்கியிருந்தேன். அப்போதுதான் நசீமா சிஸ்டரின் மகன் ஆசிப்பின் போன் வந்தது. "மாமா, அம்மா போய்ட்டாங்க" என்றான். காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு கீழே இறங்கிய நசீமா சிஸ்டர், அந்த வாரமே திரும்பி வந்துவிடுவார் என்றுதான் மலைமேல் ஆஸ்பத்திரியில் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வரிசையில் நின்றவர்களுக்கு மருந்து கொடுத்து முடித்தேன். எப்படிக் கொடுத்தேன் என்று இப்போது நினைவில்லை.

கள்ளக்குறிச்சியில் அவர்கள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் அஸர் தொழுகை முடிந்திருந்தது. ஆண்கள் வெளியே நின்றோம். உள்ளே பெண்களின் அழுகைக்கு நடுவே ஓர் ஆண்குரல் கேட்டது. "நசீமா, கொஞ்சம் வா." சற்று இடைவெளி. மறுபடியும் அதே தொனி, அதே சொற்கள். "நசீமா, கொஞ்சம் வா." கூட்டத்தில் சிலர் யாருடைய செல்போனோ என்று திரும்பிப் பார்த்தார்கள். அது என் குரல்.

நசீமாவோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கு அவரை ஊசி வலிக்காமல் போடும் நர்ஸாகத் தெரியும். பேருந்தில் மடிமேல் ஒரு கேம் கருவியை வைத்துக்கொண்டு வருவார் என்றும் தெரிந்திருக்கும். அந்தக் கருவியின் கதை எனக்குத்தான் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஆசிப் பள்ளியில் படித்தபோது துபாயிலிருந்து அவன் தாய்மாமன் வாங்கி வந்த கருவி அது. இரண்டு கையாலும் பிடித்து விளையாடுவது, நடுவில் திரை. அவன் வளர்ந்து கல்லூரிக்குப் போன பிறகு அது பீரோவில் கிடந்தது. நசீமா அதை எடுத்துத் துடைத்து, அதில் விளையாடாமல் அதன் முகப்பை மாற்றத் தொடங்கினார். கேம்களின் படங்களை வரிசையாகக் காட்டும், கம்பெனி கொடுத்த மெனுவுக்குப் பதிலாக, உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதி இலவசமாக விட்ட மெனுக்கள் உண்டு. அதற்கு ஹோம்ப்ரூ என்று பெயர். "கடை சாப்பாட்டுல உப்பு கம்மின்னா இன்னா பண்ண முடியும்? இது வூட்டு சமையல்ணா, நாமளே போட்டுக்கலாம்" என்பார்.

கச்சிராயபாளையம் தாண்டிப் பேருந்து மலை ஏறும்போது ஜன்னலெல்லாம் பனி படியும். கோமுகி அணையின் தண்ணீர் கீழே ஒரு வளைவில் தெரியும், அடுத்த வளைவில் இருக்காது. நசீமா கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் ஒரு மெல்லிய அலை ஓயாமல் ஓடும். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் பனியின் நிறத்தை அந்த அலைக்குக் கொடுப்பார். சாமை விளைந்திருக்கும் மாதங்களில் அதைப் பழுப்பாக்குவார். பக்கத்தில் உட்கார்ந்து வந்த எனக்குச் சில காலைகளில் மலை எங்கே முடிகிறது, திரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கண் சொக்கும். ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் என்னை எழுப்பிவிடுவார்.

எப்போது விளையாடப் போகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "உள்ள போறதுக்கு முன்னாடி நிக்கிற எடமே நல்லா இருக்குதுண்ணா" என்றார்.

பிறகு அவர் கணவர் ஷரீப் பாய்க்குப் பக்கவாதம் வந்தது. பெரிய கடைவீதியில் அவருடைய துணிக்கடையில் துணி எடுத்தவர்களுக்கு அவர் பேச்சு தெரியும். ஒரு லுங்கி வாங்கப் போனால் அரைமணி நேரம் பேசாமல் விடமாட்டார். அந்த மனிதருக்கு வலது கையும் பேச்சும் ஒரே நாளில் போயின. நாம் பேசுவது அவருக்குப் புரிந்தது, பதில் சொல்ல மட்டும் வார்த்தை வரவில்லை. தண்ணீரா, டீயா என்று நசீமா ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் கோபத்தில் தலையைத் திருப்பிக்கொள்வாராம். படம் போட்ட அட்டைகளைத் தூக்கி எறிந்தார். செல்போன் திரையில் விரல் நடுங்கியது.

ஒரு நாள் பேருந்தில் நசீமா அந்தக் கருவியை இடது கையால் மட்டும் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். அதில் நகர்த்தும் பொத்தான்கள் இடப்பக்கத்தில் இருந்தன. மெனுவில் ஒரு படத்தின்மேல் போய் நின்றால் போதும், வேறெதையும் அழுத்த வேண்டாம். அந்தப் படத்துக்கென்று வைத்த ஒலி தானாகக் கேட்கும். கேம்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. நசீமா கேம்களையெல்லாம் எடுத்துவிட்டு, அவற்றின் இடத்தில் வீட்டிலிருந்த டீ டம்ளர், கட்டில், மின்விசிறி ஆகியவற்றின் படங்களையும் ஆசிப்பின் படத்தையும் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் தன் குரலிலேயே சொல் பதிந்தார்.

ஷரீப் பாய் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுக் கருவியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். ஏன் என்று நசீமாவுக்கு இரண்டு நாள் புரியவில்லை. பிறகு என்னிடம் வந்தார். "அவரு டீ கேக்கறாரு, என் கொரல் வருது. எந்த ஆம்பளைக்குப் புடிக்கும்? உங்க கொரலும் அவரு மாதிரியே கரகரன்னு இருக்கும். குடுப்பீங்களாண்ணா?"

மதியம் நோயாளிகள் போன பிறகு மருந்துக் கிடங்கில் பதிவு செய்தோம். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. உப்புக்கரைசல் பெட்டிகளுக்கு நடுவே நின்று, பசிக்குது என்றும், கால் மரத்துப்போச்சு என்றும், டிவி சத்தத்தைக் கம்மி பண்ணு என்றும் சொன்னேன். கடைசியாக, "நசீமா, கொஞ்சம் வாங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அவரு என்னை என்னிக்குண்ணா வாங்கன்னு கூப்ட்டாரு? வான்னு சொல்லுங்க." எத்தனையோ வருடமாகச் சிஸ்டர் என்றே அழைத்த பெண்ணை அப்படிக் கூப்பிட எனக்கு நா எழவில்லை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அப்புறம்தான் வந்தது.

ஷரீப் பாய் கருவியைக் கையிலிருந்து இறக்கவில்லை என்று மறுநாள் சொன்னார். டீ மட்டுமே பல தடவை கேட்டாராம்.

ஒலி முடிந்ததும் உடனே மறுபடி தொடங்கும் வழக்கம் அந்த மெனுவுக்கு உண்டு. அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் கொஞ்சம் அமைதியையும் சேர்த்துப் பதிந்தார் நசீமா. "கேக்கறவங்க எழுந்து வர்ற நேரமாச்சும் குடுக்கணும் இல்ல" என்றார்.

அதன் பிறகு புதுப் படங்கள் சேர்க்கக் கருவியை எப்போதாவதுதான் வேலைக்குக் கொண்டுவருவார். அப்படி ஒரு நாள் தவறான கோப்பு ஒன்று உள்ளே போய், திரை கறுத்து, எதைச் செய்தும் எழவில்லை. சாயங்காலம் பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். "இன்னிக்கு வூட்டுக்குப் போனா அவரு பேச மாட்டாருண்ணா" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு எங்கோ படித்தது ஞாபகம் வந்து, மேல் விளிம்பில் இருந்த பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே கருவியை இயக்கினார். வெறும் எழுத்துகளாக ஒரு பக்கம் வந்தது. அங்கிருந்து பழைய அமைப்பை மீட்டார். அணைக்கரை வளைவில் என் குரல் பேருந்து முழுக்க டீ கேட்டது. நடத்துநர் திரும்பிப் பார்த்தார். நசீமா முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷரீப் பாய் தினமும் கடைசிப் படத்துக்கு வந்து, அதற்கும் கீழே போகப் பொத்தானை அழுத்துவாராம். எதுவோ விட்டுப்போயிருக்கிறது என்று நசீமா பிரியாணியைச் சேர்த்தார், கடைவீதியைச் சேர்த்தார், பள்ளிவாசலைச் சேர்த்தார். பாய் எல்லாவற்றையும் தாண்டிக் கீழே போனார். ஒரு சாயங்காலம் நசீமா களைத்துப்போய், எதையும் கேட்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அன்று பாய் பொத்தானைத் தொடவே இல்லை. மறுநாள் நசீமா மலைப்பனியைப் படம் பிடித்து, ஒலி எதுவும் இல்லாமல் மெனுவின் கடைசியில் வைத்தார். "ஒண்ணும் வேணாம், சும்மா உக்காருன்னு சொல்றதுக்கும் ஒரு எடம் வேணும் இல்லண்ணா" என்றார். பாய் அந்தப் பனியில் போய் நின்றால், எந்த வேலையிலிருந்தாலும் நசீமா வந்து உட்காருவார்.

அடக்கம் முடிந்து சில வாரங்களில் ஆசிப் என்னை வரச்சொன்னான். அப்பா நாள் முழுக்க அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், கேட்கத் தாங்கவில்லை, அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். நான் பாயிடமே கேட்டேன். அவர் எடுக்க வேண்டாம் என்று தலையசைத்தார். கொஞ்ச நேரம் கழித்து என் தொண்டையைச் சுட்டிக்காட்டி, இது வேண்டாம் என்பதுபோல் மறுபடி தலையசைத்தார். பிறகு தன் தொண்டையைத் தொட்டுக்காட்டினார். ஆசிப் செல்போனை அவர் வாயருகே பிடித்தான். நாங்கள் காத்திருந்தோம். முகமெல்லாம் வியர்த்த பிறகு, உடைந்த ஒரு சத்தம் வந்தது. "நஜ்ஜி." அப்படி ஒரு பெயர் நசீமாவுக்கு உண்டு என்று அவர் மகனுக்கே அன்றுதான் தெரியும். அந்தச் சத்தத்தை மெனுவில் போட்டோம். என் குரலை எடுத்துவிட்டோம். டீ மட்டும் இன்னமும் நான்தான் கேட்கிறேன்.

நசீமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். எதிரில் இருப்பவருக்கு வார்த்தை வரும்வரை, நானாக ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுக்காமல் இருப்பது.

போன வாரம் மேல்கிராமத்துப் பெரியவர் ஒருவர் என் ஜன்னலுக்கு வந்தார். கையில் சீட்டு இல்லை. எதையோ சொல்ல வந்தவர் சொல்லாமல் நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. நான் எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. கடைசியில் அவரே கேட்டார். "அந்த சிஸ்டரம்மா எப்ப வருவாங்க?"

சொன்னேன். அவர் போகவில்லை. வரிசைக்கு வழிவிட்டு, ஜன்னல் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டார். நானும் அவரைப் போகச் சொல்லவில்லை.