முன்வரிசையில் நோஃப்ரி வாத்தியார்

எங்கள் மலையூரில் நோஃப்ரி வாத்தியார் இருபத்திரண்டு வருஷம் லத்தீன் கற்பித்தார். கற்பித்தார் என்பது அவர் சொன்னது. பிள்ளைகளைக் கேட்டால் உள்ளங்கையைக் காட்டுவார்கள்.

புனித அகுஸ்தீன் ரோமில் பாடம் நடத்தும் காட்சியை மடத்துக் கோயில் சுவரில் வரையப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து வாத்தியார் நிலைகொள்ளவில்லை. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. செத்த மறுவாரம் ஊர் தன்னை மறந்துவிடும் என்பது அவருக்கே தெரியும். சுவரில் முகம் ஏறிவிட்டால் அப்புறம் எப்படி மறப்பார்கள்? நேராக மடத்துத் தலைவரிடம் போனார்.

"சாமி, புனிதருக்கு ஒரு முகம் வேணுமே. ஊர்ல பாடம் நடத்துறவன் நான் ஒருத்தன்தான்."

"அதுக்குக் கம்பளி அடிக்கிற கெராருதோவைப் பாத்து வெச்சாச்சு, வாத்தியாரே."

"அவனுக்கு எழுத்தே தெரியாதே, சாமி."

"முகத்துல அது தெரியலையே. நீங்க முன்வரிசையில மாணவனா உக்காருங்க."

இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் மாணவனா என்று முனகினார். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

அவர் முறை வந்த அன்று, ஓவியன் வன்னி காலையிலேயே ஒரு துண்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசி வைத்திருந்தான். ஈரம் காய்வதற்குள் அந்த இடம் முடிந்தாக வேண்டும். வாத்தியார் பெஞ்சில் உட்கார்ந்தார், பேச ஆரம்பித்தார். ரோமில் தூண் இப்படி இருக்காது. புனிதர் புத்தகம் பிடித்திருக்கிற விதம் சரியில்லை.

"வாயைக் கொஞ்சம் மூடுங்க வாத்தியாரே. பூச்சு காயுது."

"மூடிட்டேன். அந்தப் புத்தகம் மட்டும் என்னன்னா..."

மூன்று தடவை கேட்டுப் பார்த்த வன்னி அதன்பின் கேட்கவில்லை. மளமளவென்று வரைந்தான். ஒருத்தனாவது நாம் சொல்வதைக் கேட்கிறானே என்று வாத்தியாருக்கு மனசு குளிர்ந்தது.

சாயங்காலம் எழுந்து வந்து பார்த்தார். மாணவர்கள் எல்லாரும் புனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒருத்தர் மட்டும் அவருக்கு முதுகைக் காட்டி, வாய் பிளந்து, விரலை நீட்டி, பக்கத்து ஆளுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து ஆள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூக்குமேல் இருந்த மரு உள்பட அது அச்சாக நோஃப்ரிதான்.

"இதை மாத்துப்பா."

"காஞ்சிருச்சே. வேணும்னா உளியால கொத்தி எடுத்துடறேன். ஆனா அந்த இடம் கசாப்புக்காரருக்குப் போயிரும். ரெண்டு தடவை வந்து கேட்டுட்டாரு."

வாத்தியார் வெகுநேரம் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சாயங்காலம்தான் வரையச் சரியான நேரம் என்று வன்னி பிற்பாடு சொல்லிச் சிரிப்பான்.

"கொத்தட்டுமா, வேண்டாமா?"

"இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிள்ளைகள் சுவரைப் பார்த்து இளித்தபோது, "புனிதர் ஒரு இடத்துல தடுமாறினாரு, அதை எடுத்துச் சொல்றேன்" என்றார். எந்த இடம் என்று யாரும் கேட்கவில்லை.

அவர் செத்து வெகுகாலம் ஆகிறது. கெராருதோ யார் என்று இப்போது ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் பூசை நேரத்தில் பிள்ளைகள் பேசினால், தாய்மார் தாடையைப் பிடித்து அந்தச் சுவர்ப்பக்கம் திருப்பி, "நோஃப்ரி" என்று ஒரு வார்த்தை சொல்கிறார்கள். உடனே வாய் மூடிக்கொள்கிறது.