கவரின் பின்பக்கம்

மகளுக்குக் காது குத்த நாள் குறித்திருந்தோம். என் பழைய தோட்டைத் தேடி அம்மாவின் பீரோவைக் குடைந்தபோது அந்த ஐந்து கவர்கள் கிடைத்தன.

அம்மாவின் தம்பி, என் மாமா, தாத்தாவோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போன பிறகு எழுதியவை. எதிலும் முகவரி இல்லை. ஐந்தோடு கடிதமும் நின்றுவிட்டது. திருநீர்மலையில் எனக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொள்ள அவர் வரவில்லை. பெரியப்பா மடியில்தான் உட்கார்த்தினார்களாம். "ரொம்ப தூரத்துல இருந்திருப்பான். இல்லன்னா வராம இருப்பானா?" அம்மா இதைச் சொல்லாத வருடமில்லை.

"எந்த ஊர்லேர்ந்து போட்டான்னு பாரேன். நீ படிச்சவதானே" என்றாள் அம்மா, கவர்களைப் பார்த்ததும்.

நான்கு கவர்களில் தபால்தலை இல்லை. ஆறாம் வகுப்பில் ஆல்பத்துக்காக நானே தண்ணீரில் நனைத்து உரித்தேன். அந்த ஆல்பம் வெள்ளத்தில் போயிற்று. எனக்குக் காது குத்திய வாரம் வந்த ஐந்தாவது கவரில் பாதித் தபால்தலை ஒட்டியிருந்தது. அதன் மேல் விழுந்த மை வெறும் கறை. பின்பக்கம் திருப்பினேன். வட்டமாக, தெளிவாக, ஆங்கிலத்தில் தாம்பரம். மற்ற நான்கிலும் அதேதான்.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "அம்மா, மாமா இங்கேயேதான் இருந்திருக்கார்."

அம்மா கவர்களை அடுக்கி வைத்தாள். "இங்கேர்ந்து திருநீர்மலைக்கு ஒரு பஸ்தானே" என்றாள். அன்று இரவு சாப்பிடவில்லை.

மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அக்கா கவரைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"இது டெலிவரி முத்திரைம்மா. லெட்டர் வந்து சேர்ந்த ஊர். உங்க வீடு எங்க?"

"மேற்குத் தாம்பரம்."

"அப்ப வேற எந்த ஊர் முத்திரை விழும்? போட்ட ஊரு ஸ்டாம்ப் மேலதான் இருக்கும். மத்ததுல ஸ்டாம்ப் எங்க?"

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். அவர் லென்ஸ் வைத்து ஐந்தாவது கவரைப் பார்த்தார். "பூர்னு முடியுது. மேல கொஞ்சம் இந்தி. நாக்பூரோ, ராய்ப்பூரோ... மீதி எழுத்து கிழிஞ்ச பாதியோட போச்சு. நம்ம பக்கம் இல்ல, அது மட்டும் நிச்சயம்."

ஷேர் ஆட்டோவில் வரும்போது எப்படிச் சொல்வது என்று பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எப்படிச் சொன்னாலும் நானே இட்டுக்கட்டியதுபோல்தான் இருந்தது.

"அம்மா, நான் தப்பாப் பார்த்துட்டேன். மாமா வடக்கே எங்கேயோதான் இருந்திருக்கார்."

"நேத்து இங்கேன்னே."

"அது லெட்டர் வந்து சேர்ந்த ஊராம். போஸ்டாபீஸ்ல கேட்டேன்."

"நான் சாப்பிடலன்னு மாத்திச் சொல்றியா? உங்கப்பாவோட ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்தப்பவும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்ன."

அது உண்மை. அப்போது அப்படித்தான் சொன்னேன்.

கவரை நீட்டி அந்தப் பாதி வட்டத்தைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். கறையைப் பார்த்தாள். பிறகு கவரைத் திருப்பினாள். பஸ் போர்டில் பார்த்துப் பழகிய ஆங்கில எழுத்துகளை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"தாம்பரம்னு எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு" என்றாள்.