வோல்டேஜ் மேல் போட்ட பழி

புவனா கெட்டவள் இல்லை. வாய்தான் கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

கோவை சிங்காநல்லூரில் நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில், மில்களுக்கு சாப்ட்வேர் எழுதிக் குப்பை கொட்டினோம். தொண்ணூற்றெட்டில் பெருந்துறைப் பக்கம் ஒரு மில்லில் எங்கள் புரோகிராம் அடிக்கடி நின்றுபோனது. மேனேஜர் அங்கப்பன் போன் செய்தார். நம் ஊரில் எது நின்றாலும் முதல் பழி கரண்டுக்குத்தானே? போனை எடுத்த புவனா, திரையில் என்ன வந்தது என்றுகூடக் கேட்காமல், "வோல்டேஜ் ஏறி எறங்குதுங்க, வயரிங்கைப் பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள். அங்கே வயரிங் செய்தவர் உக்கடத்து முஸ்தபா. அவரை நிறுத்திவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் மில்லிலிருந்து பிளாப்பியில் வந்த பிழைச் செய்தியைப் படித்தாள். புரோகிராமை நிறுத்தியது அவளே வைத்த சோதனை. புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் வேலைகளுக்குத் திரெட்டு என்று பேர்; அவற்றை மேய்க்கும் 'லைப்ரரி' என்ற புரோகிராம் பகுதி அவள் எழுதியது. காத்திருக்கும் திரெட்டுகள் அதில் சங்கிலியாக நிற்கும். தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று ஒவ்வொன்றும் குறித்து வைத்திருக்கும். அந்தக் குறிப்புகள் ஒத்துப்போகாவிட்டால் 'அசெர்ட்' என்ற அந்தச் சோதனை எல்லாவற்றையும் நிறுத்திவிடும். காத்திருக்கும் நேரம் முடிந்து தானே விலகிய திரெட்டை, எழுப்ப வந்த இன்னொன்றும் அதே நொடியில் சங்கிலியிலிருந்து கழற்றியிருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் சங்கிலியைத் தொடலாம் என்று அந்த இடத்தில் பூட்டுப் போட மறந்திருந்தாள். ஒரே ஒரு வரி.

"அந்த மனுசன் பொழப்பைக் கெடுத்துப்போட்டனே" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. "இங்க அழுது என்ன பண்றது? போய்ச் சொல்லு" என்றேன்.

திருத்திய புரோகிராமோடு பெருந்துறை போனோம். முந்தின நாள்தான் புது வயரிங் முடிந்திருந்தது.

"தப்பு என்னுதுங்க. அவரு வயரிங்ல ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

அங்கப்பன் சிரித்தார். "நேத்து வயர் மாத்துனதுல இருந்து நிக்கவே இல்லீங்களே அம்மணி. பாவம்னு அவருக்காகப் பேசறீங்க. நல்ல மனசுங்க உங்களுக்கு."

திருத்தத்தைப் போட்டால் இனி நிற்கவே நிற்காது, அவர் சொன்னதுதான் உண்மையென்று ஆகிவிடும். போடாமல் வரவும் முடியாது. போட்டுவிட்டு, அவர் கொடுத்த காபியைக் குடிக்க முடியாமல் குடித்தாள்.

உக்கடத்தில் முஸ்தபா வீட்டைத் தேடிப் போவதற்குள் சேதி முந்திக்கொண்டது.

"மேனேஜர் சொன்னாருங்க. என்ற தப்பை உங்க தலைல போட்டுக்கிட்டீங்களாமா. எங்க கோட்டை உட்டேன்னே தெரியலீங்க தங்கச்சி, இனி கவனமா இருக்கறேன்."

"இல்லீங்கண்ணா. நெசமாவே என்ற தப்புதானுங்க."

"இருக்கட்டும் தங்கச்சி. இப்படிச் சொல்ல யாருக்கு மனசு வரும்?" என்று அவளுக்கு மறுபடியும் நன்றி சொன்னார்.